குழி விழுந்த கிற்றார் கம்பிகள்

என் கணவர் பேசாலை மாதா கோயில் பாடகர் குழுவில் கிற்றார் வாசித்தவர். கடலுக்குப் போனவர் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை.

அண்மையில் மகள் அந்தக் கிற்றாரை எடுத்துப் பழகத் தொடங்கினாள். புதுத் தந்தி போட்டும் இரைந்தது. மன்னாரில் திருத்துபவரிடம் கொண்டுபோனோம்.

"தந்தியை அழுத்தி அழுத்தி, கழுத்திலை குறுக்கை இருக்கிற பிரெட் கம்பியள் குழி விழுந்திட்டுது அக்கா. இனி மாத்தத்தான் வேணும்" என்றார். ஓம் என்றேன்.

திரும்ப வாங்கியபோது ஓசை துல்லியமாக இருந்தது. கிற்றாரின் கழுத்தைத் தடவினேன். என் கணவரின் விரல்கள் உண்டாக்கிய குழிகளில் ஒன்றுகூட இல்லை.

"பழைய கம்பியள் எங்கை தம்பி?"

"அதுகளை எறிஞ்சிட்டனே அக்கா."

கடை வாசலிலேயே அழுதுவிட்டேன். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

இப்போதெல்லாம் எதைத் திருத்தக் கொடுத்தாலும், "கழட்டுறதை எறியாதேங்கோ, எனக்கு வேணும்" என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.