லிம்மை வரவேற்ற கணினி

மஞ்சள் தண்ணீரும் சூடேறிய தூசியும் கலந்த வாசனை. எங்கள் வீட்டின் முதல் கணினி என்றால் எனக்கு அதுதான். ஆயர் ஈத்தாம் அடுக்குமாடி வீட்டுக்கு அப்பா அதைப் பழைய கணினிக் கடையிலிருந்து வாங்கி வந்தபோது, பழைய சாமான் எதையும் மஞ்சள் தண்ணீர் தெளிக்காமல் உள்ளே விடாத அம்மா, தெளித்தால் கெட்டுப்போகும் என்று அப்பா கெஞ்சியதால், அதில் நனைத்த துணியால் துடைத்துவிட்டு உள்ளே விட்டார். வெளியே சுத்தமாயிற்று, உள்ளே இருந்த ஆளை என்ன செய்வது? திறந்தாலே திரையில் "வெல்கம் லிம்" என்று வரும். லிம் விட்டுப்போன படங்களில் ஒரு சீனப் பெரியவர் கேக் வெட்டினார். கடற்கரைக் காற்றில் தொப்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

புது விண்டோஸ் போடப் போனபோது கடைக்கார அண்ணன் இரண்டு வழி சொன்னார்: இருப்பதன் மேலேயே ஏற்றும் "அப்கிரேட்", எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து போடும் "ஃபார்மெட்". அம்மாவுக்கு ஃபார்மெட்தான் வேண்டும். அப்பா அசையவில்லை. "அந்தப் படமெல்லாம் அவங்க வீட்டுச் சாமான் லா. தேடிக்கிட்டு வந்தா என்னா பதில் சொல்றது?" என்று அப்கிரேட் செய்துகொண்டு வந்தார். விண்டோஸ் புதிதாயிற்று, லிம் போகவில்லை.

பள்ளி வேலைக்காகத் தோழிகள் வந்த மதியம் அந்தப் பெயர் திரையில் வந்து நின்றது. "யாருடி லிம்? ஒன் பாய்ஃபிரண்டா?" என்று ஒருத்தி கேட்க, எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அடுத்தவர் கழித்துப்போட்டதை வைத்துக் காலந்தள்ளும் குடும்பம் என்று ஊருக்கே தெரிந்துவிட்டதாக எனக்கு மானம் போயிற்று. அதன்பின் அப்பாவிடம் நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. சனிக்கிழமை அவர் கணினிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் பஸ் ஏறினார். திரும்பி வந்தபோது திரையில் என் பெயர் இருந்தது. ஃபார்மெட்டில் அழிவதற்கு முன் படங்களை ஒரு சிடியில் ஏற்றி வைக்கலாம் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

தைப்பூசம் முடிந்த வாரம், கடையில் விசாரித்துக்கொண்டு ஒரு சீனப் பெண்மணி வந்தார். "காம்பார் பாபா சாயா, அடா லாகி?" என்றார், என் அப்பாவின் படங்கள் இன்னும் இருக்கின்றனவா என்று. பெரியவர் இறந்துவிட்டாராம், விவரம் தெரியாமல் தம்பி கணினியை விற்றுவிட்டானாம். நான்தான் அழித்தேன், மன்னித்துவிடுங்கள் என்று அப்பா மலாயில் சொன்னார். என் பக்கம் திரும்பவே இல்லை. "குடிக்க ஏதாச்சும் தண்ணி கலக்கவா?" என்று அம்மா கேட்டதைச் சைகையால் மறுத்து, "தாப்பா லா", பரவாயில்லை என்று சொல்லி அந்தப் பெண் எழுந்தார். போகும்போது, திரையில் மின்னிக்கொண்டிருந்த என் பெயரை ஒருமுறை பார்த்தார்.

அந்தக் கணினி எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டது. அப்பாவும் இல்லை. இப்போது விண்டோஸ் மாற்றும்போது என் மடிக்கணினி, கோப்புகள் இருக்கட்டுமா, எல்லாம் போகட்டுமா என்று தானே கேட்கிறது. கேட்கும்போதெல்லாம் வெட்கத்தில் முகம் சுடுகிறது. அந்தப் பெரியவரை நினைத்துப் பார்க்கிறேன். தொப்பி நினைவிருக்கிறது, கேக் நினைவிருக்கிறது. முகம் வரவில்லை.