வாசிக்காமல் விட்ட பக்கம்

கைபேசி தானாகவே பத்திரிகை வாசிக்கும் என்று கேள்விப்பட்டதும் நான் முதலில் நம்பியது இதுதான்: அது பழைய பத்திரிகைகளையெல்லாம் தோண்டி எடுத்து, இத்தனை வருடமாக நான் அவிழ்த்துவிட்ட புளுகுகளை ஒவ்வொன்றாக அண்ணையிடம் போட்டுக்கொடுக்கும். கந்தோரில் உத்தியோகம் பார்க்கிற, தலை நரைத்த மனிதன் நான். அன்று பின்னேரம் ஒரு கைபேசிக்குப் பயந்து வேலிக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டேன்.

அவர் எனக்குப் பக்கத்து வீடு. தீவுகளுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையில் பஸ் ஓடி ஓய்வு பெற்றவர். சீனி வருத்தம் இரண்டு கண்களையும் கொண்டுபோய்விட்டது. இறுப்பிட்டியில் எங்கள் இரண்டு வளவுக்கும் நடுவில் ஒரு கிடுகு வேலிதான். கந்தோர் விட்டு வந்ததும் அன்றைய பேப்பரோடு போய் அவருடைய கதிரைக்குப் பக்கத்தில் இருப்பேன். தேத்தண்ணி வரும். வாசிப்பேன். செய்தி சப்பென்று இருந்தால் என் சரக்கையும் கொஞ்சம் சேர்ப்பேன். நெடுந்தீவுக் குதிரை ஒன்று படகேறி வந்து, டிக்கெட் கேட்டவரைக் கடித்தது என்று ஒருநாள் வாசித்தேன். "கடிக்கத்தான் வேணும்" என்றார், சிரிப்பு அடங்காமல்.

ஒரு பக்கத்தை மட்டும் நான் வாசிப்பதில்லை. அவரோடு வேலை செய்த சாரதி ஒருவரின் மரண அறிவித்தலை முன்பொருமுறை வாசித்துவிட்டேன். இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்து, சீனி இறங்கி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினார்கள். அதன்பிறகு அவருடைய மனைவி குசினி வாசலில் என்னை மறித்து, "தம்பி, இனிமேல் செத்த ஆக்களை இவருக்கு வாசிக்காதையும்" என்றார். ஓம் என்றேன். பக்கத்தைப் புரட்டுவது எவ்வளவு சுகம்.

பிறகு அவருடைய கொண்டக்டர் செத்துப்போனார். புளியங்கூடல்காரர். அண்ணை ஓட்டிய பஸ்ஸிலேயே கடைசிவரை வேலை செய்தவர். பேப்பரில் படத்தைக் கண்டேன், புரட்டினேன். சில கிழமைகளில் அண்ணை கேட்டார்.

"அவன் ஏன் எனக்கு ஒரு போனும் எடுக்கிறான் இல்லை?"

என் வாய் சும்மா இருக்குமா? "மகனிட்டைக் கனடாவுக்குப் போயிட்டாராம் அண்ணை. குளிருக்குக் கைக்கு உறை போட்டிருக்கிறாராம். போனை அமத்த ஏலாதாம்."

அன்றைக்குச் சிரித்தார். பிறகு, "சொல்லாமல் போனவன்" என்று அடிக்கடி குறைப்படத் தொடங்கினார். நானும் கூடச் சேர்ந்து தலையாட்டினேன்.

கிட்டத்தட்ட இரண்டு வருடம் கழித்து, வெளிநாட்டிலிருந்து லீவில் வந்த அவருடைய மகள்தான் அந்தக் கைபேசியைக் கொண்டுவந்து கொடுத்து, பேப்பரை வாசிக்கவும் பழக்கிவிட்டுப் போனாள். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துச் சரிவராமல், மறுநாள் நானும் போனேன்.

"அண்ணை, உந்தச் சாமானைக் காதோடை வைச்சால் சீனி ஏறுமாம்."

"ஆர் சொன்னது?"

"பேப்பரிலை கிடந்தது."

"எந்தப் பக்கத்திலை?"

தேத்தண்ணியைக் குடித்தேன்.

கைபேசியில் ஒரு பெண்குரல். எங்கள் ஊர்ப் பெயர்களைக் கல்லுக் கடித்தமாதிரிச் சொல்லும். நான் இடையில் பகிடி விட்டால், "பொறும், அவள் சொல்லி முடிக்கட்டும்" என்பார். ஒரு கிழமை இப்படிப் போனது. எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ, மழை வருமென்று வாசித்த அதே குரலில், அதே மூச்சில், இரண்டாம் ஆண்டு நினைவஞ்சலி என்று தொடங்கி, கொண்டக்டரின் பெயரையும் புளியங்கூடலையும் மனைவி பிள்ளைகளையும் அது சொல்லிக்கொண்டே போனது.

முன்னால் இருப்பவருடைய முகத்தைப் பார்த்து எதை விடுவது, எதைச் சேர்ப்பது என்று அதற்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அதுதான் வாசிப்பு என்று இவ்வளவு நாளும் உள்ளுக்குள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

"அவளை நிப்பாட்டும்" என்றார். நிறுத்தினேன்.

"கனடா எண்டு சொன்னனீர்."

"ஓம் அண்ணை."

"கைக்கு உறை எண்டும் சொன்னனீர்."

உண்மையைச் சொன்னால், அப்போதும் நான் ஒரு பகிடியைத்தான் தேடினேன். கிடைக்கவில்லை. அவருடைய மனைவியின் தலையில் பழியைப் போடவும் வாய் உன்னியது. அவ குசினி வாசலில் நின்றுகொண்டிருந்தா. வாசிக்காமல் விடச் சொன்னது மட்டும்தான் அவ. கனடாவுக்கு அனுப்பியது நான்.

"நாளைக்குக் கந்தோருக்கு லீவு போட்டிட்டு ஒரு ஓட்டோ பிடியும்" என்றார்.

மறுநாள் புளியங்கூடலுக்குப் புறப்பட்டோம். கடலுக்கு நடுவால் போகிற தாம்போதியில் இரண்டு பக்கமும் காற்று அடித்து ஓய்ந்தபோது, "வேலணை வந்திட்டுது" என்றார். கொண்டக்டரின் மனைவி கதிரை கொண்டுவந்து வைத்தா. அவர் கையால் தடவி இருந்தார்.

"எனக்குத் தெரியாது தங்கச்சி. நேற்றுத்தான் தெரியும்."

ஏன் தெரியாது என்று அவர் சொல்லவில்லை. அவ என்னைப் பார்க்கவும் இல்லை.

"நீங்கள் வருவியள் எண்டு ஒரு மணித்தியாலம் பிந்தித்தான் பிரேதத்தை எடுத்தனாங்கள்" என்றா.

அவர், "பஸ்ஸை ஒருநாளும் பிந்த விடாதவன்" என்றார்.

கைபேசி என் குதிரைக் கதையைக் காட்டிக்கொடுக்கவில்லை. அவரும் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அன்றைக்குப் பிறகு என்னை வாசிக்கச் சொல்லவும் இல்லை. தேத்தண்ணி நேரத்துக்கு இப்போதும் போகிறேன். கைபேசியைக் கொண்டு மரண அறிவித்தல்களைத்தான் முதலில் வாசிக்க வைக்கிறார். நான் பக்கத்துக் கதிரையில் இருந்து கேட்கிறேன்.