கரி மூட்டாத வீடு

பனி விழும் அந்த மலையூரில் அவளைக் கண்ணாடிக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் கண்ணாடி வெட்டித் தரும் கடை வைத்திருந்தாள். வைரமுனையால் ஒரு கோடு இழுத்து விரல் முட்டியால் தட்டினால், கண்ணாடி சொன்ன பேச்சுக் கேட்பதுபோல் நேராகப் பிரியும். வேலையில் அந்தக் கை நடுங்கி யாரும் பார்த்ததில்லை. ஆனால் குளிர்காலம் நெருங்கினாலே அவளுக்குப் பயம் பிடித்துக்கொள்ளும்.

காரணம் அவளுடைய அண்ணன். சாலை போடும் வேலைக்குப் போன இடத்தில், தகரக் கொட்டகைக்குள் இரும்புச் சட்டியில் கரி மூட்டி, கதவைச் சாத்திக்கொண்டு படுத்தவன். எதுவும் தீப்பிடிக்கவில்லை, கண்ணை எரிக்கும் புகைகூட இல்லை. கரி விட்ட நச்சுக் காற்றுக்கு வாடையும் இல்லை; காலையில் எழுந்திருக்கவில்லை, அவ்வளவுதான். அடையாளம் சொல்லப் போனவள் இவள். அசந்து தூங்குகிறவன் முகம்போலவே இருந்தது. அதுதான் அவளுக்குள் பயமாகத் தங்கிவிட்டது.

அடுத்த குளிருக்குள் தன் வீட்டின் தெற்குப் பக்கத்தை மாற்றினாள். அந்தச் சுவர் முரட்டுக் கருங்கல். அதற்குக் கறுப்புச் சாயம் பூசி, நாலடி தள்ளி, இடித்த கட்டடங்களில் கழற்றிய ஜன்னல் கண்ணாடிகளால் ஒரு அறை எழுப்பினாள். பகல் வெயில் கண்ணாடி வழியே புகுந்து கல்லைச் சுட வைக்கும். சுவரின் அடியிலும் உச்சியிலும் விட்ட துளைகள் வழியாகச் சூடான காற்று வீட்டைச் சுற்றிவரும். வெயில் சாய்ந்ததும் துளைகளைப் பலகையால் அடைத்துவிட்டு, கண்ணாடிக்குப் பஞ்சு வைத்துத் தைத்த திரையை இறக்குவாள். பகலில் குடித்த சூட்டைக் கல் விடியும்வரை கொஞ்சம் கொஞ்சமாக வீட்டுக்குள் விடும்.

பக்கத்து வீட்டில், அவள் அண்ணே, அண்ணி என்று கூப்பிடும் முடிதிருத்துபவரும் அவர் மனைவியும். அவருக்கு இது ஒரே வேடிக்கை.

"தங்கச்சி, உன் மீன்தொட்டிக்கு எப்ப தண்ணி ஊத்தப்போறே?"

"நீங்க நீச்சல் கத்துக்கிட்டு வாங்கண்ணே, ஊத்துறேன்."

மூன்று குளிர்காலம் அந்த வீடு அவளைக் கைவிடவில்லை. நாலாவதில், மகளுக்கு ஆறு மாதம் ஆகியிருந்தபோது, பெரிய பனிப்புயல் வந்தது. மின்கம்பங்கள் சாய்ந்தன. பாதை மூடிவிட்டது. மின் அடுப்பும் ஹீட்டரும் வெறும் இரும்பாகிவிட்டன. அதைவிடக் கொடுமை, வெயில் எட்டிப்பார்க்கவே இல்லை.

முதல் நாள் மாலை வீட்டுக்குள் பதினாறு டிகிரி. மறுநாள் மத்தியானம் பன்னிரண்டு. சாயங்காலம் ஒன்பது. வெளியே உறைநிலைக்கும் எட்டு டிகிரி கீழே. அவள் சுவரில் கையை வைத்துப் பார்த்தாள். சூடு துளிகூட இல்லை.

பள்ளி வேன் ஓட்டும் அவள் கணவன் வீண்வாதம் செய்கிற ஆள் இல்லை. அன்றைக்கு அவனுக்கும் தாங்கவில்லை.

"பாப்பா கை பாரு, ஐஸ் மாதிரி இருக்கு. பக்கத்து வீட்டுல கரி இருக்கு. ஒரு சட்டி மட்டும் மூட்டுவோம். ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வச்சுக்கலாம்."

"வேணாங்க."

"உங்க அண்ணனுக்கு நடந்தது எனக்கும் தெரியும். அதுக்காகப் பிள்ளையைக் குளிர்ல விடுறதா?"

தன் பயத்துக்குப் பிள்ளையைப் பலி கொடுக்கிறோமோ என்ற நினைப்பு ஊசியாய் இறங்கியது. ஆனாலும் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். வீட்டிலேயே சின்ன அறையில், இருந்த கம்பளி எல்லாம் விரித்து, குழந்தையைச் சட்டைக்குள் நெஞ்சோடு கட்டிக்கொண்டாள். அவன் இருவரையும் சேர்த்து அணைத்துக்கொண்டு கிடந்தான். குழந்தை மூச்சு விடுகிறதா என்று அவள் எத்தனை தடவை காது வைத்துக் கேட்டாள் என்பதற்குக் கணக்கில்லை.

மூன்றாம் நாள் காலை வானம் பளிச்சென்று வெளுத்தது. திரையைத் தூக்கினால் உள்ளே இருட்டு. கண்ணாடி முழுக்கப் பனி அப்பியிருந்தது. குழந்தையைக் கணவனிடம் கொடுத்துவிட்டு, மண்வாரியும் துடைப்பமும் எடுத்துக்கொண்டு வெளியே போனாள். ஒவ்வொரு கண்ணாடியாகத் துடைக்கத் துடைக்க, வெயில் கறுப்புச் சுவரில் போய் விழுந்தது. அப்பாடா என்று நிமிர்ந்தபோதுதான் கவனித்தாள். பக்கத்து வீட்டில் சத்தமே இல்லை. விடிந்தால் போதும், ஊருக்கே கேட்கிற மாதிரி தொண்டையைச் செருமுகிறவர் அவர்.

மண்வாரியோடு ஓடினாள். கதவைத் தட்டினாள்.

"அண்ணே. அண்ணி."

உள்ளே தாழ்ப்பாள். ஜன்னலில் உள்பக்கம் நீர் கோத்திருந்தது. வழிந்த ஒரு கோட்டின் வழியே பார்த்தாள். முடிதிருத்துபவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தூங்குகிறவர்போல. காலடியில் சட்டி, சாம்பல் பூத்த கரி.

மண்வாரியை ஓங்கி ஜன்னலில் இறக்கினாள். அடுத்ததிலும் இறக்கினாள். கணவன் குழந்தையைக் கம்பளிக்குள் கிடத்திவிட்டு ஓடி வந்தான். மூச்சை அடக்கிக்கொண்டு ஜன்னல் வழியாக உள்ளே இறங்கி, தாழ்ப்பாளைத் திறந்து, இருவரையும் பனியில் இழுத்துப் போட்டார்கள். அண்ணி வாந்தி எடுத்துவிட்டுக் கண் விழித்தாள். அவர் விழிக்கவில்லை. இவள் அவர் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டே இருந்தாள்.

"எந்திரிங்கண்ணே. எந்திரிங்க."

முனகல் கேட்க வெகுநேரம் ஆனது. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

நல்ல காற்று பட்ட பிறகு இருவரையும் கண்ணாடி அறைக்குக் கொண்டுவந்தார்கள். பதினொரு மணிக்கு அங்கே பதினெட்டு டிகிரி. வாசலைக் கொஞ்சம் திறந்தே வைத்தாள். பாதை திறந்து ஆம்புலன்ஸ் வந்து சேரும்வரை ஐந்து பேரும் அந்தக் கறுப்புச் சுவரில் முதுகைக் கொடுத்து உட்கார்ந்திருந்தார்கள். குழந்தை வெயிலில் கை கால் உதறி விளையாடியது.

முடிதிருத்துபவர் பிழைத்தார். ஆனால் பாதி முடி வெட்டும்போதே எங்கே விட்டோம் என்று சில சமயம் மறந்துபோகிறது. இப்போது பாதிக் கடையை அண்ணிதான் பார்க்கிறாள். அடுத்த கோடையில் அவர்கள் வீட்டுத் தெற்குப் பக்கத்துக்கும் கண்ணாடிக்காரி ஒரு அறை கட்டினாள்.

"இனிமே பயம் இல்லேல்ல?" என்று கேட்டான் கணவன்.

"குறைஞ்சிருக்குங்க" என்றாள். அது பொய். இப்போதும் பனிக்காலத்துக் காலைகளில், பக்கத்து வீட்டுக்குள் பாத்திரம் உருளும் சத்தமோ இருமலோ கேட்ட பிறகுதான் கடைக்குக் கிளம்புகிறாள்.