பாதரச ஜெல்லில் பின்தங்கிய பட்டை

இரண்டு பட்டைகளும் ஒரே மட்டத்தில் நின்றன. ஈஸ்வரி ஜெல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"கைடு சார் சொல்லிட்டாகண்ணே. வெள்ளிக்கிழமைக்குள்ள வித்தியாசம் காட்டலைன்னா இந்தத் தலைப்பை விட்டுரணுமாம்."

ஆண்டிபட்டிப் பெண். தேனியில் எங்கள் கல்லூரி லேபில் பிஎச்.டி. செய்தாள். நான் அங்கே டெக்னீசியன். படித்தது பன்னிரண்டாவது, மற்றதெல்லாம் ஆட்களிடம் வாயைக் கொடுத்துக் கற்றது.

விஷயம் இதுதான். செல்லுக்குள் புரதம் கட்டும் இடத்துக்கு அமினோ அமிலத்தைச் சுமந்து வருவது டி.ஆர்.என்.ஏ. சில பாக்டீரியாக்கள் அதில் ஒரு கந்தக அணுவை ஒட்டிவைக்கும். கூடலூர் திராட்சை வேரில் எடுத்த பாக்டீரியாவும் ஒட்டுகிறது, ஒட்டுவது இன்ன ஜீன்தான் என்பது ஈஸ்வரியின் கட்சி. அந்த ஜீனை நீக்கிய ரகத்தையும் செய்து வைத்திருந்தாள். டி.ஆர்.என்.ஏ.வை ஜெல்லில் ஏற்றி மின்சாரம் பாய்ச்சினால் பட்டையாகக் கீழே ஓடும். ஜெல்லில் பாதரசச் சேர்மம் கலந்தால் அது கந்தகத்தைப் பிடித்துக்கொள்ளும். கந்தகம் உள்ள பட்டை பின்தங்கும், இல்லாதது ஓடிவிடும். எங்களுக்கோ இரண்டும் ஓடின.

அடுத்த ஜெல்லுக்கு ஈஸ்வரி சாம்பிள் ஏற்றும்போது மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

"ஏ ஆத்தா, இந்த நாத்தத்துக்கு எலி கூட இங்கன தங்காது."

சிரித்தவள் சட்டென்று பிப்பெட்டைக் கீழே வைத்தாள். "நாத்தம் எதுலண்ணே வருது?"

"மெர்காப்டோதான். அதை எதுல ஊத்தாம விட்டோம்?"

"அதுலயும் கந்தகம் இருக்குல்ல?"

எங்கள் லேபின் பழக்கம் அது. ஆர்.என்.ஏ.வைத் தின்னும் நொதிகளை அடக்க, எல்லா பஃபர் கரைசலிலும் மெர்காப்டோஎத்தனால் ஊற்றுவோம். அதுவே முந்திப் போய்ப் பாதரசத்தோடு ஒட்டிக்கொண்டால், டி.ஆர்.என்.ஏ.வைப் பிடிக்க ஜெல்லில் என்ன மிச்சம் இருக்கும்?

"அது இல்லாம எடுத்தா நொதி தின்னு தீர்த்துருமே, தாயி."

"தின்னா திரும்ப எடுப்போம். ஐஸை அள்ளுங்கண்ணே."

மெர்காப்டோ இல்லாத பஃபரில், புது செல்லிலிருந்து டி.ஆர்.என்.ஏ.வை எடுத்தோம். முதல் தடவை எல்லாம் சிதைந்து, ஜெல்லில் வெறும் கறைதான் தெரிந்தது. ஈஸ்வரி முகம் கழுவிவிட்டு வந்து அடுத்த பிளாஸ்கை எடுத்தாள். கையுறையை மாற்றி மாற்றிப் போட்டோம். ஐஸை விட்டு டியூப் வெளியே வரவே இல்லை.

வெள்ளிக்கிழமை சார் படத்தைப் பார்த்தார். அசல் ரகத்தின் பட்டை மேலேயே சிக்கி நின்றது. ஜீன் நீக்கியது கீழே ஓடியிருந்தது.

"ஒரு தடவை வந்ததை நம்பக் கூடாதும்மா. திரும்ப ஓட்டு."

"இது திரும்ப ஓட்டினதுதான் சார்," என்று, அதே மாதிரி வந்திருந்த முந்தைய படத்தையும் நீட்டினாள்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "சரி, எழுத ஆரம்பி," என்றார்.

புதிதாக லேபுக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். பஃபரில் எதை ஊற்றினாலும், எதற்கு என்று கேளுங்கள். 'எப்பவும் ஊத்துறதுதான்' என்று பதில் வந்தால், அது இல்லாமல் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.