மாடி வீட்டுக் கடல்

குளிர்சாதனப் பெட்டிகளைப் பழுதுபார்த்துப் பிழைத்த அந்த மனிதரைத் தெருவே பம்பரம் என்று அழைத்தது. பெற்றோர் இட்ட பெயர் வங்கிக் கணக்கில் மட்டும் வழங்கியது. அவர் ஓரிடத்தில் அமர்ந்து ஒரு வாய் உண்டதைக் கண்டவர் இலர். தட்டை ஏந்தியபடி சன்னலுக்கும் கதவுக்கும் நடந்துகொண்டே உண்பார். தொலைபேசியில் பேசத் தொடங்கினால் மாடிப்படியில் இறங்கித் தெருமுனைவரை போய்த்தான் நிற்பார். உறக்கத்திலும் அவருடைய வலது முழங்கால் தையல் எந்திரத்தின் மிதிகட்டையைப்போல் ஆடும் என்பது மனைவியின் வாக்குமூலம்.

தொழிலும் அதற்கேற்பவே வாய்த்திருந்தது. காலையில் ஒரு வீட்டுக் குளிர்பெட்டிக்கு வாயு நிரப்புவார். நண்பகலில் ஏதேனும் அலுவலக மொட்டைமாடியில் ஏ.சி. எந்திரத்தைப் பிரித்துப் போட்டிருப்பார். மாலையில் இறைச்சிக்கடையின் உறைபெட்டிக்குள் தலையை விட்டிருப்பார். பிறர் வீட்டு வேலையை முடிக்காமல் அவர் திரும்பியதில்லை. சொந்த வீட்டு வேலையை முடித்ததுமில்லை. குளியலறைக் கதவில் நீல வண்ணம் இடுப்பளவோடு நின்றுபோயிருந்தது. சமையலறை அலமாரியின் கடைசித் தட்டுக்கான பலகை, அந்த அலமாரியின்மேலேயே சாய்ந்து பல ஆண்டுகளாகத் தன் முறைக்குக் காத்திருந்தது. மகள் பள்ளிக்குச் சென்ற நாளில் அவளுக்கெனத் தொடங்கிய மேசைக்கு, அவள் கல்லூரிக்குப் போகும் காலத்திலும் இழுப்பறை வந்தபாடில்லை.

"அப்பா ஆரம்பிக்கிறதெல்லாம் நல்லாத்தான் இருக்கும்," என்பாள் மகள். "மிச்சத்துக்கு நாம பழகிக்கணும்."

அவருடைய மனைவி பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பு மேசையில் இருந்தார். அங்கே நோயாளிகள் காத்திருக்கும் அறையில், சுவரைக் குடைந்து அதனோடு சேர்த்துக் கட்டிய கடல்நீர்த் தொட்டி ஒன்று உண்டு. அதனுள்ளே கோமாளி மீன்கள் இரண்டும், அவற்றுக்கு மனையாக ஒரு கடற்சாமந்தியும் வாழ்ந்தன. பார்வைக்குப் பூ, பிறப்பால் விலங்கு. இளம்பச்சை விரல்கள் நூறாக விரிந்து நீரோட்டத்தில் அசையும். இரையைத் தொட்டால் மூடிக்கொள்ளும். தொட்டியைப் பேணி வந்தவர் ஊரை விட்டுப் போனபின் அப்பொறுப்பு கேட்பாரின்றி அம்மையார் கைக்கு வந்தது. நீளமான பிளாஸ்டிக் இடுக்கி ஒன்றால் இறால் துணுக்கை எடுத்து அந்தப் பூவுக்கு ஊட்டுவார். இடுக்கியை மருத்துவர் கேட்டாலும் கொடுக்கமாட்டார்.

அந்த மருத்துவமனை அடுத்த மாதக் கடைசியில் வேறு சிறிய கட்டடத்துக்கு மாறுவது என்று முடிவாயிற்று.

"தொட்டிய உடைக்காம எடுக்க முடியாதாம்," என்றார் அம்மையார், அன்று மாலை வீட்டுக்கு வந்து பையை இறக்காமலேயே. "மீனுக்கு ஆள் கிடைக்கும். பூவ யாரும் வாங்கமாட்டாங்க, வளர்க்கிறது கஷ்டம். டாக்டர் 'பாத்துக்கோங்கம்மா'ங்கிறாரு. சாக்கடையில ஊத்திடுங்கன்னு அர்த்தம்."

கையில் தட்டோடு நடந்துகொண்டிருந்த பம்பரம் நின்றார். "நான் கட்டுறேன்."

"என்னத்த?"

"தொட்டி. இந்தச் சுவரோரமா. பெருசா."

அம்மையார் குளியலறைக் கதவை ஒருமுறை பார்த்தார். "என்னங்க, பாதி பெயிண்ட் அடிச்சு விட்டா கதவு சும்மா நிக்கும். இது நிக்காது. செத்துப்போயிடும்."

கோபத்தில் கூறிய சொல்லாக இருந்தால் அவர் சிரித்துக் கடந்திருப்பார். அது தாழ்ந்த குரலில் வந்தது. அதனால் தைத்தது.

மறுநாளே வேலை தொடங்கிற்று. மூடிப்போன துணிக்கடை ஒன்றின் முகப்புக் கண்ணாடி, கண்ணாடி வெட்டுபவர் ஒருவரின் பட்டறையில் தூசி படிந்து கிடந்தது. வெட்டுபவர் பம்பரத்தின் பழைய நண்பர்; அவருடைய குளிர்பெட்டிக்குப் பம்பரமே ஆயுள்கால மருத்துவர்.

"யோவ், என்ன இது, கல்லறையா கட்டப்போற?" என்றார் அவர், அளவுகளைக் கேட்டு. "மீனுக்கு இவ்வளவு வீடா? நானே ஒரு ரூம்ல இருக்கேன்."

"சின்னத் தண்ணி சட்டுனு கெட்டுப்போகும்யா. பெருசுதான் பத்திரம். வெட்டு, பேசாத."

"எம்பொண்டாட்டிகூட என்னை இப்படி விரட்டினதில்ல."

கண்ணாடி மாடியேறியது. பழைய இரும்புக் கோணச் சட்டங்களைப் பற்றவைத்துத் தாங்கி செய்தார். ஓரங்களைச் சிலிக்கான் பசையால் ஒட்டினார். நீரின் அழுக்கை நுரையாக்கிப் பிரிக்கும் நுரைவடிகட்டியைக் குழாய்த் துண்டுகளிலிருந்து தாமே உருவாக்கினார். கடையில் வாங்கியவை உப்பும், மணலும், பாறைகளும், நீரைச் சுழற்றும் பம்பும் மட்டுமே. பிரதான தொட்டிக்குக் கீழே தாங்கியினுள் மற்றொரு சிறு தொட்டி. மேலிருந்து வழியும் நீர் அதில் வடிந்து, தூய்மையாகி, மீண்டும் மேலேறும்.

கீழ்வீட்டில் குடியிருந்த வீட்டுச் சொந்தக்காரர் நாலாம் படியில் நின்று கழுத்தை நீட்டினார். "தம்பி, மேல என்ன உருட்டுற சத்தம்?"

"கடல் வருது சார்."

"என் தலை மேலயா?"

"உத்திரத்துக்கு நேர் மேலதான் வெச்சிருக்கேன். ஒண்ணும் ஆகாது."

"உத்திரம் தாங்கும். நான் தாங்கணுமே," என்று முனகியபடி அவர் இறங்கினார். அன்றிலிருந்து தம் கட்டிலை அறையின் எதிர்மூலைக்கு மாற்றிக்கொண்டதாகக் கேள்வி.

உவர்நீர் நிறைந்தது. விளக்கொளியில் அது பளிங்குபோல் நின்றது. வேலை முடிந்தது என்றுதான் பம்பரம் நினைத்தார். உண்மையான வேலை அப்போதுதான் தொடங்கிற்று, அது காத்திருத்தல்.

"தண்ணி பழுக்கணுங்க," என்றார் அம்மையார். பழைய தொட்டிக்காரர் சொல்லித் தந்த சொல் அது. "உள்ள நல்ல கிருமி வளரணும். மீன் கழிக்கிறத அதுங்கதான் தின்னு தீர்க்கும். அதுவரைக்கும் எதையும் விடக்கூடாது."

"எப்ப பழுக்கும்?"

"அது பழுக்கும்போது."

கிருமிக்கு உணவாக இறால் ஒன்றை உள்ளே அழுகவிட வேண்டியிருந்தது. அந்த நாற்றம் படியிறங்கி வீட்டுச் சொந்தக்காரரையும் எட்டிற்று. பம்பரத்துக்கு நாற்றம் பொருட்டில்லை. சும்மாயிருத்தலே நரகமாக இருந்தது. வேலைக்குப் போன இடத்திலும் மனம் தொட்டியையே சுற்றியது. வழியில் வீடேறி நீரைச் சோதனைக் குழாயில் எடுத்து நிறம் பார்ப்பார். பத்து நிமிடம் கழித்து மீண்டும் பார்ப்பார். பம்பை இடம் மாற்றுவார், பாறையைத் திருப்புவார், திருப்பியதைத் திருப்புவார்.

"அப்பா, அதுக்கும் கொஞ்சம் தனிமை வேணும்பா," என்றாள் மகள்.

ஒருவாறு நீர் பழுத்தது. சோதனைக் குழாயில் நிறங்கள் விரும்பியபடி மாறின. அம்மையார் முகத்தில், திருமணத்துக்குப் பின் அரிதாகவே கண்ட ஒரு வியப்பு படர்ந்தது. அந்த வியப்பே பம்பரத்துக்குக் கேடாயிற்று. அது வற்றுமுன் இன்னும் ஏதாவது செய்துவிட வேண்டும் என்று கைகள் பரபரத்தன.

செய்ய ஒன்று இருக்கவே செய்தது. வெயில் கடுமையாகி, மாடி வீட்டில் நீரின் வெப்பம் ஏறியவண்ணம் இருந்தது. நீரைக் குளிர்விக்கும் கருவியின் விலையைக் கடையில் கேட்டவர் மறுபேச்சின்றித் திரும்பினார். திரும்பும் வழியிலேயே அவருக்குச் சிரிப்பு வந்தது. வாழ்நாளெல்லாம் குளிரை விற்றவனுக்கா குளிருக்குப் பஞ்சம்? எவரோ கழித்துப்போட்ட குடிநீர்க் குளிர்விப்பான் ஒன்று அவருடைய பரணில் இருந்தது. அதன் கம்ப்ரசரையும், நீரில் அமிழும் செப்புச் சுருளையும் கழற்றினார். சுருளை இரு கைகளாலும் வளைத்துக் கீழ்த்தொட்டியில் இறக்கி, கசிவின்றிப் பற்றவைத்தார். செம்பு அவருக்குப் பிள்ளைப்பருவத் தோழனைப் போன்றது. அதன்மேல் ஐயம் கொள்ள அவருக்குக் காரணமே இருந்ததில்லை. மாலைக்குள் நீர் வேண்டிய அளவுக்குக் குளிர்ந்து நின்றது.

"எப்படி?" என்றார், கைகளைத் துடைத்துக்கொண்டே.

"நல்லா இருக்குங்க," என்றார் அம்மையார். வீட்டில் முழுதாக முடிந்த முதல் வேலை என்று மகள் அதைப் படம் பிடித்தாள்.

வெள்ளோட்டமாகச் சில நத்தைகளை விட்டனர். முதலில் அவை கண்ணாடியில் கோலமிட்டபடி ஊர்ந்தன. சில நாளில் நீர்மட்டத்துக்கு மேலேறி வெளியே தப்பப் பார்த்தன. பின் ஒவ்வொன்றாக மணலில் விழுந்து மல்லாந்தன. அதற்குள் மருத்துவமனையில் நாற்காலிகளை வண்டியில் ஏற்றத் தொடங்கியிருந்தார்கள்.

"கடைக்காரன் சீக்கு நத்தையக் குடுத்துட்டான்," என்று பம்பரம் கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். "நாளைக்கு வேற வாங்கிட்டு வரேன். பூவ நாளைக்கே எடுத்துட்டு வந்துடலாம்."

அம்மையார் தொட்டியருகே குனிந்தார். தாங்கியின் கதவைத் திறந்து கீழ்த்தொட்டியை உற்றுப் பார்த்தார். நீர் விழும் இடத்தில் சுருளின் பழைய கறுப்பெல்லாம் போய், துலக்கிய பாத்திரம்போல் அது சிவந்து மின்னியது. வளைவுகளில் மெல்லிய பச்சை படர்ந்திருந்தது.

"என்னங்க, கடற்கரைப் பக்கத்து வீடுகள்ல ஏ.சி. ஏன் சீக்கிரம் ஓட்டையாகுதுன்னு கேட்டா என்ன சொல்லுவீங்க?"

அவருக்கு மனப்பாடமான விடை அது. ஆயிரம் வாசல்களில் நின்று சொன்னது. "உப்புக் காத்து சார், செம்பத் தின்னுடும்னு..."

நடந்துகொண்டிருந்த கால்கள் நின்றன.

"காத்துல இருக்கிற உப்பே தின்னும்னா, தண்ணில இருக்கிறது?" என்றார் அம்மையார். "தின்னது எங்க போகும்? பழைய தொட்டிக்காரர் மீனுக்குச் சொறி வந்தா ஒரு நீல மருந்து வெச்சிருந்தாரு. இது செம்பு மருந்தும்மா, பூ இருக்கிற தண்ணில ஒரு சொட்டு விழக்கூடாது, நத்தையும் பூவும் முதல்ல போயிடும்னு சொன்னாரு. இப்பதான் எனக்கே உறைக்குது."

கண்ணாடியை வெட்டும்போதோ, பாறையை அடுக்கும்போதோ எங்கேனும் பிழை நேர்ந்திருக்கலாம். நேர்ந்ததோ, தாம் கரைகண்ட ஒரே துறையில். அவர் முழங்கையளவு கையை விட்டுச் சுருளைப் பிடுங்கி எடுத்தார். எடுத்ததை எங்கே வைப்பதென்று தெரியாமல் சொட்டச் சொட்ட நின்றார்.

பாறையும் மணலும் நஞ்சைக் குடித்திருந்தன. அவற்றை மீட்க வழியில்லை. எல்லாவற்றையும் வெளியேற்றி, கண்ணாடியைப் பலமுறை கழுவி, புது மணலும் புது நீரும் இட்டு, மீண்டும் பழுக்க வேண்டும். அந்தப் பூவுக்கோ அத்தனை பொழுது இல்லை.

"பாதியில விட்டுட்டேன்னு சொல்லு," என்றார் பம்பரம். "சொல்லிடு."

"சொல்றதுக்கு நேரம் இல்லைங்க. துணி ஊற வைக்கிற பெரிய பிளாஸ்டிக் தொட்டி இருக்குல்ல, அதக் கழுவுங்க."

அவ்வாறே மருத்துவமனைத் தொட்டியின் பழைய நீரைக் குடங்களில் கொண்டுவந்து அந்தப் பிளாஸ்டிக் தொட்டியை நிரப்பினர். நல்ல கிருமி ஊறிய பழைய பாறைகளில் பாதியை அதனுள் இட்டனர். மறுபாதி பெரிய தொட்டியின் புதுநீருக்கு வித்தாகப் போயிற்று. மீனிரண்டும் பூவும் படுக்கையறையின் நடுவே குடியேறின. குளிர்விக்கச் சுருள் இல்லை. உறைய வைத்த தண்ணீர்ப் புட்டிகளை மிதக்கவிட்டு, உருகியதும் மாற்ற வேண்டும். நீரிலும் நாள்தோறும் ஒரு பங்கை மாற்ற வேண்டும். பம்பரம் வேலைகளைத் தள்ளிவைத்தார். விளிம்புடைந்த தம் தேநீர்க் கோப்பையொன்றைத் தவறி உள்ளே போட்டதைக்கூட எடுக்க நேரமின்றித் திரிந்தார்.

பூ அமைதி கொள்ளவில்லை. பிடித்திருந்த பாறையைக் கைவிட்டு, தன் அடிப்பாகத்தால் மெல்ல மெல்ல நகர்ந்து, தொட்டியின் ஓரம் முழுதும் அலைந்தது. விரல்களைச் சுருக்கி வெளிறிப்போயிற்று. மீன்கள் இரண்டும் அதன் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தன.

"என்ன தேடுது இது?" என்றார் அவர்.

"இடம் பிடிக்கலன்னா நடக்கும்," என்றார் அம்மையார். பிறகு, சிரிப்பை அடக்கிக்கொண்டு, "யார் மாதிரியோ."

வாசலில் நின்ற மகள் அடக்காமலே சிரித்தாள். அவரும் சிரித்தார், சிரித்தபடியே எழுந்து புட்டி மாற்றப் போனார்.

ஒரு காலை அவர் குனிந்து பார்த்தபோது பூவை எங்கும் காணவில்லை. புட்டியை ஒதுக்கினார். விளிம்புடைந்த கோப்பையின் வாய்க்குள் அது அடியைப் பதித்து, விரல்கள் யாவற்றையும் வெளியே விரித்து நின்றது. மீனிரண்டும் அவற்றுக்குள் புரண்டுகொண்டிருந்தன.

அம்மையார் புதிய மருத்துவமனைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். வந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். "அந்தக் கப்போடயே தூக்கிப் பெரிய தொட்டியில வெச்சுடலாம். தண்ணி பழுக்கட்டும்." பின்னர் கைப்பையைத் திறந்து, அந்த நீண்ட இடுக்கியை எடுத்து அவரிடம் நீட்டினார். "மதியம் ஒரு துண்டு குடுங்க. அவசரப்படாதீங்க. அது வாங்கி மூடுற வரைக்கும் அசையாம பிடிச்சுக்கணும்."

நண்பகலில் அவர் தொட்டியருகே தரையில் அமர்ந்தார். அமர்ந்தே ஆக வேண்டியிருந்தது. நின்றால் கை எட்டாது. இறால் துணுக்கு இடுக்கியின் நுனியில் இருந்தது. பச்சை விரல்கள் அதை நோக்கி நீளத் தொடங்கியபோது, நீர்ப்பரப்பில் சிற்றலைகள் வட்டமிட்டன. பூ சுருங்கியது. அலை எங்கிருந்து வருகிறதென்று அவர் பார்த்தார். அவருடைய வலது முழங்கால் தொட்டியின் பக்கத்தில் இடித்து ஆடிக்கொண்டிருந்தது.

இடக்கையால் அந்த முழங்காலை இறுகப் பற்றிக்கொண்டு, இடுக்கியை மீண்டும் நீட்டினார்.