வியாழக்கிழமைச் சுத்தம்

அந்தத் தெருவில் அவளுக்குக் கொசு டீச்சர் என்று பெயர். டீச்சராகலாம் என்று விலங்கியல் படித்தவள்தான். கிடைத்ததோ, டார்ச் லைட்டோடு வீடு வீடாகப் போய்த் தண்ணீர் டிரம்முக்குள் எட்டிப் பார்க்கிற வேலை. அதுவும் தற்காலிகம். குடும்பத்தின் முதல் பட்டதாரி ஆயிற்றே, சொந்தக்காரர்கள் சும்மா விடுவார்களா? "இவ்வளவு படிச்சது பக்கெட்டை எட்டிப் பாக்கவா?" என்று சித்தப்பா பார்க்கும்போதெல்லாம் கேட்பார்.

வியாழக்கிழமை அவளுடைய சொந்தத் தெருவின் முறை. டெங்கு கொசு சாக்கடையைத் தேடிப் போகாது, வீட்டில் பிடித்து வைத்திருக்கும் நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும் என்று தொண்டை வறளச் சொல்வாள்.

"எங்க தண்ணி ரொம்ப சுத்தம் டீச்சர்."

"அதனாலதாங்க அதுக்குப் பிடிக்குது."

"ராத்திரி வலை கட்டித்தான் படுக்கிறோம்."

"இது பகல்ல கடிக்கிற கொசு."

"அப்ப பகல்ல வலைக்குள்ள உக்காந்து சமைக்கவா?"

இப்படிப் பேசுகிறவர்களிடம் என்னத்தைச் சொல்ல? தண்ணீரில் கொசுப்புழு நெளிந்தால் அவள் மறுபேச்சு பேசுவதில்லை. டிரம்மைக் கவிழ்த்துவிடுவாள். திட்டுவார்கள். காதில் வாங்காமல் அடுத்த வாசலுக்குப் போவாள்.

சில வாரங்களில் தெரு திருந்திவிட்டது. எந்த வாசலிலும் டிரம் இல்லை, குடம் இல்லை. டார்ச் அடிக்க இடமே இல்லை. அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட வந்தது. ஆனால் காய்ச்சல் மட்டும் வீட்டுக்கு வீடு தாவிக்கொண்டிருந்தது. "உன் தெருவுலதான் புழுவே இல்லையேம்மா, கொசு என்ன வாடகைக்கு எடுத்த கொசுவா?" என்று மேற்பார்வையாளர் எல்லோர் முன்னாலும் கேட்டார்.

அப்புறம் அண்ணனுக்குக் காய்ச்சல் வந்தது. பஞ்சர் கடை வைத்து அவளைப் படிக்க வைத்த அண்ணன். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், டெங்குதான். வீட்டில் ஓய்வெடுக்கலாம், தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், வலி மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கிப் போடக் கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். அனலாகக் கொதித்த உடம்பு ஒரு காலையில் குளிர்ந்தது. அண்ணன் எழுந்து சட்டையை மாட்டினான்.

"எங்க கிளம்பிட்டே?"

"கடைக்கு. காய்ச்சல்தான் விட்டுடுச்சே."

"விடுற நேரந்தான் அண்ணே ஆபத்து."

"வந்தாலும் ஆபத்து, விட்டாலும் ஆபத்துன்னா மனுஷன் எப்பத்தான் சட்டை போடுறது?"

சொல்லிக்கொண்டே சுவரைப் பிடித்தான். ஒரு கை வயிற்றை அழுத்திக்கொண்டிருந்தது.

"வயிறு வலிக்குதா?"

"இல்லையே."

அண்ணி சமையலறையிலிருந்து வெடித்தாள். "பொய். விடியக்காலையிலேருந்து விடாம வாந்தி. உங்கிட்டச் சொன்னா ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரின்னு உயிரை எடுப்பியாம், சொல்லாதேன்னாரு."

"நல்லா இருக்கு உங்க குடும்பம்" என்றாள் அவள், தானும் அதே குடும்பம் என்பதை மறந்து. வாசலில் போன ஆட்டோவை நிறுத்தினாள்.

ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துக் கையில் ஊசி குத்தி குளுக்கோஸ் ஏற்றினார்கள். காய்ச்சல் இறங்கும்போதுதான் சிலருக்கு ரத்த ஓட்டம் தடுமாறும், இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் கஷ்டம், இன்று முழுக்கப் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றார் டாக்டர். அண்ணியை அருகில் உட்கார வைத்துவிட்டு, மாற்றுத் துணி எடுக்க அவள் வீட்டுக்கு வந்தாள். லுங்கி மொட்டைமாடிக் கொடியில் காய்ந்தது.

அந்த வீட்டில் துணி எடுக்க அவள் மேலே போனதே இல்லை. அது அண்ணியின் வேலை. அன்று ஏறினாள். தெருவின் டிரம்களும் குடங்களும் மாடிக்கு மாடி வரிசையாக நின்றன. தன் வீட்டு நீல டிரம்மும் இருந்தது. டார்ச்கூட வேண்டியிருக்கவில்லை. வெயிலில் புழுக்கள் துள்ளி விளையாடின.

கீழே இறங்குமுன் போனில் அண்ணியைப் பிடித்தாள். "மாடியில என்ன அண்ணி இதெல்லாம்?"

"நீ வந்தா கவிழ்த்துடுவே. அதான் புதன்கிழமையே மேல ஏத்திடுவோம், தெருவே. முதல்ல நீ பாத்துட்டுப் போனதும் இறக்கினோம். அப்புறம் முதுகு விட்டுப்போச்சு, அங்கேயே விட்டுட்டோம்."

"ஒரே வீட்டுல இருக்கேன், எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"குழாயில மறுபடி என்னைக்குத் தண்ணி வரும்னு நீ எப்பவாவது எங்களுக்குச் சொல்லியிருக்கியா? கொட்டத்தான் தெரியும் உனக்கு." அண்ணியின் குரல் உடைந்தது. "இப்ப இவரைப் படுக்க வச்சதும் நான்தானா?"

யாரைத் திட்டுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. புழுவைத் தெருவிலிருந்து விரட்டி, யாரும் பார்க்காத மாடியில் குடிவைத்தது யார்? படித்த படிப்பில் முட்டை, புழு, கூட்டுப்புழு எல்லாம் இருந்தது. குழாயில் தண்ணீர் வராத நாளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

"நீங்க இல்லை" என்றாள் எரிச்சலோடு. எரிச்சல் யார்மேல் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

லுங்கியை ஆட்டோக்காரரிடம் கொடுத்தனுப்பிவிட்டு மறுபடி ஏறினாள். டிரம் தண்ணீரைப் பழைய வேட்டித் துணியில் வடிகட்டி அண்டாவில் ஊற்றினாள். புழு தங்கிய துணியைச் சுடுதரையில் உதறினாள். டிரம்மின் உள்சுவரை நாரால் அழுத்தித் தேய்த்தாள். அங்கே ஒட்டிய முட்டை காய்ந்து கிடந்தாலும் தண்ணீர் பட்டதும் பொரிந்துவிடும். கழுவி ஊற்றிவிட்டு, வடித்த தண்ணீரைத் திரும்ப ஊற்றி, டிரம்மின் வாயைத் துணியால் மூடிக் கட்டினாள்.

பக்கத்து மாடியில் தையல்காரம்மா வெகுநேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். "கொட்டலையா டீச்சர்?"

"கொட்டலை."

போன் அடித்தது. அண்ணி. வயிற்று வலி குறைந்திருக்கிறதாம், குடித்த தண்ணீர் நிற்கிறதாம், ஆனாலும் இன்றைக்கு விடமாட்டார்களாம். "கடை கடைன்னு புலம்புறாரு. நர்ஸம்மா ஒரு அதட்டு அதட்டினாங்க, கம்முனு படுத்துட்டாரு."

அவள் கட்டைச் சுவரில் சாய்ந்து மூச்சு விட்டாள்.

"டீச்சர்" என்றாள் தையல்காரம்மா மெதுவாக. "தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி எங்களுது இன்னும் மூணு இருக்கு."

"வியாழக்கிழமை ஒண்ணுமே இல்லைன்னு சத்தியம் பண்ணீங்களே."

"அது வியாழக்கிழமை."

அவள் நாரை எடுத்துக்கொண்டு கட்டைச் சுவரைத் தாண்டினாள்.