பொட்டாசியம் இல்லாத இலை

ஒரு செடிக்கு வேண்டியதைக் கொடுக்காமல் நிறுத்தி, அந்தக் குறையையே ஒரு மனுஷிக்கு உணவாக்க முடியுமா? புத்தகத்தில் வந்த கேள்வியாக இருந்தால் இரண்டு பக்கத்தில் ஏதாவது பதில் எழுதிவிடலாம். நகலெடுக்கும் இயந்திரங்களைப் பழுது பார்த்துப் பிழைத்த ஒருவருக்கு அது படுக்கையறை ஜன்னலோரம் எழுந்த கேள்வி.

அவரை எல்லோரும் ஜெராக்ஸ்காரர் என்றே அழைத்தார்கள். முப்பது வருடம் அலுவலகம் அலுவலகமாகப் போய், சிக்கிய காகிதத்தை உருவி எடுத்தவர். நகக்கண்ணில் ஏறிய கரும்பொடி எந்தச் சோப்புக்கும் அசையவில்லை. பெரிய மனிதர் என்று சொல்வதற்கில்லை. பிடிவாதம் அதிகம், பேச்சு குறைவு. தன் கைவேலையில் தவறு இருக்கலாம் என்ற எண்ணம் அவருக்குக் கடைசியாகத்தான் வரும்.

அவருடைய மனைவிக்கு இரண்டு சிறுநீரகங்களும் நின்றுபோய் நான்காவது வருடம் அது. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். உணவில் இருக்கும் பொட்டாசியத்தை நல்ல சிறுநீரகம் தானே வெளியேற்றிவிடும். கெட்டுப்போன சிறுநீரகம் என்றால் அது ரத்தத்தில் தங்கி, ஒரு கட்டத்தில் இதயத்தை நிறுத்திவிடும். பொட்டாசியம் இல்லாத காய்கறி கிடையாது. அதனால் எதைக் கொடுத்தாலும் பொடியாக நறுக்கி, இரண்டு முறை வேகவைத்து, நீரைக் கொட்டிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

"துணியத் துவைச்சுப் பிழிஞ்சு தட்டுல வச்ச மாதிரி இருக்குங்க" என்பாள் மனைவி.

முதலில் பாதி சாப்பிட்டாள். பிறகு நாலு வாய். பிறகு தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். கையில் ஊசி குத்த இடம் தேடிய நர்ஸ், தோலுக்கு அடியில் எலும்புதான் தட்டுப்படுகிறது என்றாள். மருத்துவர் அவரைத் தனியாகக் கூப்பிட்டார். "சாப்பிடாம இப்படியே போனா உடம்பு டயாலிசிஸைத் தாங்காது. எப்படியாவது சாப்பிட வையுங்க."

"உனக்கு என்னதான் வேணும்? சொல்லு."

"பச்சையா ஏதாவது ஒண்ணு. கறுக்குன்னு கடிக்கணும். வேற ஒண்ணும் வேண்டாம்."

சில இடங்களில் சிறுநீரக நோயாளிகளுக்காகவே மண்ணில்லாமல், வெறும் தண்ணீரில், பொட்டாசியம் குறைத்து, பச்சையாகக் கடித்துத் தின்னும் லெட்டூஸ் கீரை வளர்க்கிறார்கள் என்று கைபேசியில் படித்தார். இதைக் கொடு, அதைக் கொடுக்காதே என்று மண்ணிடம் சொல்ல முடியாது. தண்ணீரிடம் சொல்லலாம். அது அவருக்குப் பிடித்துப்போயிற்று.

ஜன்னலோரம் ஓர் இரும்புச் சட்டம், அதில் துளையிட்ட நான்கு வெள்ளைக் குழாய்கள். துளைக்கு ஒரு சின்னக் கூடைக் கிண்ணம், அதற்குள் பஞ்சு, பஞ்சுக்குள் விதை. கீழே உரம் கரைத்த தண்ணீர் வாளி. மீன்தொட்டி மோட்டார் ஒன்று அந்தத் தண்ணீரை மேலே ஏற்றிவிட, அது குழாய் குழாயாக இறங்கி மறுபடி வாளிக்கே வந்தது. நாள் முழுதும் அந்தச் சலசலப்பு.

மாடியில் குடியிருந்த மைத்துனர், அவளுடைய தம்பி, டிரைவிங் ஸ்கூல் நடத்துபவர். இறங்கி வந்து பார்த்தார்.

"என்ன மாமா, பாத்ரூம் பைப்பெல்லாம் பெட்ரூமுக்கு வந்திருச்சு?"

"லெட்டூஸ் மச்சான்."

"பேரே வாயில நுழையல. இலை எங்க வயித்துல நுழையப் போகுது?"

"அவன் வாயில லாரியே நுழையும்" என்றாள் அக்கா, படுத்தபடியே. "இலை நுழையாதாம்."

நான்கு வாரம் செடிக்கு எல்லாச் சத்தும் கொடுத்தார். கடைசி இரண்டு வாரம் பொட்டாசிய உப்பை நிறுத்திவிட்டு அதன் இடத்தில் அமோனிய உப்பைப் போட்டார். அடி இலைகளின் விளிம்பு பழுப்பேறிக் கருகியது. வேலையிலிருந்து வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் அதன் முன்னால் உட்கார்ந்துவிடுவார்.

"பசிக்குதுன்னு சொல்லுதுங்க அது" என்றாள் மனைவி. "பாவம்."

"ரெண்டு வாரம்தானே. தாங்கட்டும்."

புது உப்பினால் தண்ணீர் தினமும் அமிலமேறிப் புளித்தது. அதைச் சரிக்கட்ட, உரக்கடையில் கொடுத்த சின்ன பாட்டிலிலிருந்து காரக்கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டார். ஒரு நாளும் தவறவில்லை.

அறுவடையன்று அவள் எழுந்து உட்கார்ந்தாள். முதல் இலையைக் கடித்த சத்தம் அடுப்படி வரை கேட்டது. அன்று காலை ஒரு கிண்ணம், மாலை ஒரு கிண்ணம். மறுநாளும் அப்படியே. வாரத்தில் டயாலிசிஸ் இல்லாமல் இரண்டு நாள் சேர்ந்தாற்போல் வரும் இடைவெளி அது. மூன்றாம் நாள் காலை கட்டிலிலிருந்து இறங்கப் போனவளுக்குக் கால் எழும்பவில்லை. "மரத்துப் போச்சுங்க" என்றாள். நெஞ்சுத் துடிப்பு தாறுமாறாக இருந்தது.

தீவிர சிகிச்சைப் பிரிவில் உயிர் தங்கியது. ரத்தத்தில் பொட்டாசியம் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. என்ன சாப்பிட்டாள் என்று மருத்துவர் கேட்டார். ஜெராக்ஸ்காரர் இலையைச் சொன்னார். அதில் பொட்டாசியமே கிடையாது என்றும் உறுதியாகச் சொன்னார். அப்படியானால் பழி விழ ஒரே ஓர் இடம்தான் மிச்சம்.

"அக்கா, உண்மையைச் சொல்லு. யாருக்கும் தெரியாம வாழைப்பழம் தின்னியா?"

"தின்னிருந்தா தின்னேன்னு சொல்லிட்டுப் போறேன். எனக்கு என்னடா பயம்?"

"உசுரு விஷயம்க்கா. விளையாட்டு இல்ல."

வீட்டுக்கு வந்த அன்று மைத்துனர் குளிர்பதனப் பெட்டிக்குப் பூட்டுப் போட்டார். ஜெராக்ஸ்காரர் தடுக்கவில்லை. அவரே கட்டிலுக்கு அடியில் குனிந்து பழத்தோலைத் தேடினார். தேடி நிமிர்ந்தபோது அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கி, தலையணையைத் தானே நகர்த்தி, அதன் அடியையும் அவருக்குக் காட்டினாள்.

காகிதம் சிக்கிய இடத்தில் கோளாறு இருக்காது, இரண்டு உருளைக்கு முன்னால் இருக்கும். வேலைக்குச் சேரும் எல்லோருக்கும் அவர் சொல்லும் முதல் பாடம் அது. நான்கு நாள் கழித்துத்தான் அது அவருக்கே உறைத்தது. கடைசி இரண்டு வாரம் போட்ட உரங்களின் பைகளை ஒவ்வொன்றாகப் படித்தார். எதிலும் பொட்டாசியம் இல்லை. கடைசியில் அந்தச் சின்ன பாட்டிலைக் கண்ணாடி போட்டுக்கொண்டு திருப்பிப் பார்த்தார். எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்தில் போட்டிருந்தது: பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. இலை விளிம்பு கருகியது பசியால் அல்ல, புது உப்பால். வாசல் வழியாக வரக்கூடாது என்று விரட்டியதை அவரே தினமும் சொட்டுச் சொட்டாக உள்ளே விட்டிருக்கிறார்.

மறைக்கவில்லை என்பதை மட்டும் அவருக்காகச் சொல்லலாம். மைத்துனரைக் கூப்பிட்டுக் கட்டிலருகே நிறுத்தி, பாட்டிலை அவள் கையில் கொடுத்தார்.

"நீ ஒண்ணும் திங்கல. நான்தான் ஊத்தியிருக்கேன். தினமும்."

மைத்துனர் பூட்டின் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு மாடியேறிப் போனார். அவள் பாட்டிலைப் புரட்டிப் பார்த்தாள்.

"இந்த எழுத்த யாருதான் படிப்பா?" என்றாள். அதைத் திருப்பிக் கொடுத்து, "அடுத்த தடவ இது வேண்டாம். வேற வாங்குங்க" என்றாள்.

மறுபடி விதை போட்டார். இன்னும் ஆறு வாரம். அதற்குள் அவள் பாதியாகிவிட்டாள். வேகவைத்த எதையும் வாயருகே கொண்டுபோனாலே குமட்டியது. ஊசி மூலம் ஏற்றிய சத்து ஒட்டவில்லை. செடி ஒரு விரற்கடை வளர்ந்தால் அவள் ஒரு விரற்கடை குறைந்தாள் என்று தோன்றும். காலையில் கண் விழித்ததும் முகத்தை ஜன்னல்பக்கம் திருப்பி, "இன்னும் எத்தனை நாளுங்க?" என்று கேட்பாள். அவர் ஒவ்வொரு நாளும் ஒன்று குறைத்துச் சொன்னார். பொட்டாசியம் இல்லாத காரக்கரைசலை வாங்கி, மூன்று பேரிடம் காட்டிப் படிக்கச் சொன்ன பிறகே மூடியைத் திறந்தார். இந்த முறை யாரும் வாயில் வைக்கும் முன் நான்கு இலைகளைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினார்.

அறிக்கை வந்தது. சாதாரண இலையில் இருப்பதில் ஐந்தில் ஒரு பங்குதான். மருத்துவர் இரண்டு முறை படித்தார். "சாதிச்சுட்டீங்க. உப்பும் அளவுக்குள்ளதான் இருக்கு. இன்னைக்கே ஒரு கைப்பிடி குடுங்க. பயப்பட வேண்டாம்."

அவர் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். நடுப்பகல். அவள் இரண்டு தலையணை வைத்துச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முடியைக்கூட வாரியிருந்தாள்.

"ரிப்போர்ட் வந்துச்சா?"

"வந்துச்சு."

"நல்லதா?"

அவர் ஜன்னலோரம் போனார். நான்கு குழாயிலும் இலை நிறைந்திருந்தது. கத்தரிக்கோல் சட்டத்தின் மேலேயே இருந்தது. அதை எடுத்தார். கூடத்தில் பார்த்தது நான்கு இலையைத்தான், மிச்சத்துக்கெல்லாம் தினமும் சொட்டு விட்ட அதே கைதான் சாட்சி. திரும்ப வைத்தார். பிறகு குனிந்து மோட்டாரின் பிளக்கைப் பிடுங்கினார். குழாயில் மிச்சமிருந்த தண்ணீர் வாளிக்குள் இறங்கி, சொட்டி, நின்றது.

அவள் கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டாள்.

"கரண்ட் போயிருச்சாங்க?"

அவள் தலைக்கு மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அவர் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்க் குளியலறையில் கவிழ்த்தார். ஏன் என்று மைத்துனர் கேட்டார், மருத்துவர் கேட்டார், அவளும் கேட்டாள். ஒருவருக்கும் அவர் சொல்லவில்லை.